சமூகப்பணிக் கல்வியின் இளநிலை மரபு: ஹான்ஸ் நாக்பாலின் ஒரு முடிபை முன்வைத்து

இந்தியச் சமூகப்பணிக் கல்வி அமெரிக்காவிலிருந்து பெயர்த்து நடப்பட்டது, ஆகவே இம்மண்ணில் அது வேர்பிடிக்கவில்லை. 1972இல் ‘இன்டர்நேஷனல் சோஷியல் ஒர்க்’ இதழில் ஹான்ஸ் நாக்பால் முன்வைத்த இக்கருத்து, அரை நூற்றாண்டு கடந்தும் செல்வாக்கு இழக்கவில்லை. அவருக்குச் சான்றுகள் உண்டு. 1936இல் பம்பாயில் டாட்டா பள்ளியைத் தொடங்கிய கிளிஃபர்ட் மான்ஷார்ட் அமெரிக்க மறைப்பணியாளர். தனிநபர் பணி, குழுப் பணி, சமுதாய அமைப்பு என்ற பாடப் பகுப்பும் அமெரிக்காவிலிருந்தே வந்தது. ஆயினும் அப்பள்ளி பட்டதாரிகளுக்காக ஏற்பட்டது. நாக்பாலின் வாதம் பெரிதும் இத்தகைய முதுநிலைப் பள்ளிகளையே ஊன்றி நிற்கிறது. பட்டம் பெறாத இளைஞருக்குச் சேவைப் பயிற்சி அளித்த இன்னொரு மரபு அதில் உரிய இடம் பெறவில்லை.

1956இல் நாட்டின் பல இடங்களில் ஊரக உயர்கல்வி நிலையங்கள் தொடங்கப்பட்டன. தமிழ்நாட்டில் காந்திகிராமமும் பெரியநாயக்கன்பாளையம் இராமகிருஷ்ண மிஷன் வித்யாலயமும் அவற்றுள் அடங்கும். அங்கு நடந்த மூன்றாண்டு ஊரகப் பணிப் பட்டயப் படிப்பு, அரசு வேலைக்கு இளநிலைப் பட்டத்துக்கு இணையாக ஏற்கப்பட்டது. சுற்றுக் கிராமங்களில் விரிவாக்கப் பணி செய்வது பாடத்தின் பகுதி. இதைச் சமூகப்பணிக் கல்வி வரலாற்றில் சேர்க்கலாமா என்று கேட்பவர் உண்டு. சேர்த்தே ஆக வேண்டும் என்பது என் வாதம். வகுப்பில் கோட்பாடு, களத்தில் மேற்பார்வையுடன் பணி என்ற இரண்டும் இணைந்ததே இக்கல்வியின் இலக்கணம் என்றால், இப்பட்டயம் அதை நிறைவு செய்கிறது.

இதை வைத்துச் சுதேசி மரபு ஒன்று, அமெரிக்க மரபு ஒன்று எனப் பிரித்துவிடவும் முடியாது. இந்நிலையங்களுக்குக் கருத்தடிப்படை தந்த ஆவணங்களுள் முதன்மையானது 1948-49 இராதாகிருஷ்ணன் பல்கலைக்கழகக் கல்விக் குழுவின் அறிக்கை. ஊரகப் பல்கலைக்கழகம் வேண்டும் என்னும் அதன் பகுதி காந்தியின் ஆதாரக் கல்வியைத் தொடர்வதாகவே பொதுவாகப் படிக்கப்படுகிறது. ஆனால் குழுவில் அக்கருத்தை முன்னின்று வளர்த்தவர் ஆர்தர் மார்கன். அமெரிக்காவில் ஆன்டியாக் கல்லூரியின் தலைவராகவும், டென்னசி பள்ளத்தாக்கு ஆணையத்தின் முதல் தலைவராகவும் இருந்தவர் அவர். எதிர்ப்புறத்தில், மான்ஷார்டுக்குப் பின் டாட்டா பள்ளியை நடத்தியவர் ஜே.எம். குமரப்பா. கிராமப் பொருளாதாரத்துக்கே வாழ்வை அளித்துக் கல்லுப்பட்டியில் இறுதி நாள்களைக் கழித்த ஜே.சி. குமரப்பாவின் உடன்பிறந்தவர். ஆக, பிறந்த நாட்டை வைத்து ஒரு கல்விமுறையை எடைபோடும் நாக்பாலின் அளவுகோலே பொருந்தவில்லை. யாருக்கு வாசல் திறந்தது, பயிற்சி எங்கே நடந்தது என்பவையே கேட்கத்தக்க கேள்விகள்.

இளநிலை மரபின் தொடக்க ஆண்டை அறுதியிடுவது கடினம். 1956 என்பது நிறுவன வடிவம் பெற்ற ஆண்டு மட்டுமே. கஸ்தூரிபா அறக்கட்டளைக்காகத் தமிழகத்தில் டி.எஸ். சௌந்தரம் நடத்திய கிராம சேவிகைப் பயிற்சியைக் கணக்கில் கொண்டால் 1940களின் நடுப்பகுதிக்குப் போகலாம். 1920இல் பம்பாய் சமூக சேவைக் கழகம் நடத்திய குறுகியகாலப் பயிற்சியிலிருந்து தொடங்குவோரும் உளர். அதில் கல்லூரிக் கல்வியின் கட்டமைப்பு இல்லாததால் நான் தயங்குகிறேன். முடிவும் ஒரே நாளில் நேரவில்லை. பட்டயத்தை மேற்படிப்புக்கு ஏற்கப் பல பல்கலைக்கழகங்கள் தயங்கின. நிலையங்கள் பட்டப் படிப்புகளை நோக்கி நகர்ந்தன. 1976இல் காந்திகிராமம் நிகர்நிலைப் பல்கலைக்கழகமானது அந்நகர்வின் ஓர் அடையாளம். சமூகப்பணியோ பெரும்பாலும் இரண்டாண்டு முதுநிலைப் படிப்பாகவே நிலைத்தது.

இதன் விளைவைத் தமிழக-கேரள எல்லைப்புறத்தில் காணலாம். பட்டயம் பிறந்த அதே 1956இல், நவம்பர் 1 அன்று, பாலக்காடு சென்னை மாநிலத்திலிருந்து பிரிந்து கேரளத்தில் சேர்ந்தது. இன்றைய பாலக்காடு மாவட்டத்து முதலமடைப் பஞ்சாயத்தின் கோவிந்தாபுரம் அம்பேத்கர் காலனியில் தமிழ் பேசும் சக்கிலியர் குடும்பங்கள் வாழ்கின்றன. தேநீர்க் கடையிலும் குடிநீர்க் குழாயிலும் தீண்டாமை நிலவுவதாக 2017இல் அங்கிருந்து எழுந்த புகார்கள் கேரளம் முழுதும் பேசப்பட்டன. வீட்டில் தமிழும் அலுவலகத்தில் மலையாளமும் புழங்கும் அவ்வூருக்கு இரு மொழியும் அறிந்த பணியாளர் தேவை. அந்தத் தகுதி காலனிப் பிள்ளைகளுக்கே இயல்பாக உண்டு. ஆனால் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த காலனிப் பெண், தொடர்பற்ற ஒரு பட்டத்தில் மூன்றாண்டைக் கழித்த பிறகே இத்துறைக்குள் நுழைவது பெருவழக்காகிவிட்டது. இளநிலைச் சமூகப்பணிப் படிப்புள்ள கல்லூரிகள் இன்றும் சிலவே. அவற்றைப் பெருக்குவதை அந்நியப் புதுமை என்றோ தரக்குறைவு என்றோ ஒதுக்குவோர், காந்திகிராமமும் பெரியநாயக்கன்பாளையமும் முன்பே செய்து காட்டியதைக் கணக்கில் கொள்ள வேண்டும்.