பூட்டிய வரைபடமும் திறந்த ரோடும்

ஓரியண்டீரிங் என்றால் என்ன என்று கேட்டால் நம் கல்லூரியில் என்.சி.சி.யில் இருந்தவர்கள் மட்டும் கை தூக்குவார்கள். மற்றவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். கையில் ஒரு வரைபடம், ஒரு காம்பஸ். காட்டுக்குள் ஆங்காங்கே ஆரஞ்சும் வெள்ளையுமாக அடையாளங்கள் வைத்திருப்பார்கள். வரிசை மாறாமல் எல்லாவற்றையும் தொட்டுவிட்டுக் குறைந்த நேரத்தில் திரும்பி வருபவரே வெற்றி பெற்றவர். எந்த வழியாகப் போவது என்பது அவரவர் புத்தி!

இது ஸ்வீடன் ராணுவத்தில் பயிற்சியாகத் தொடங்கியது. பொதுமக்களுக்கான முதல் போட்டி 1897-ல் நார்வேயில் நடந்தது. 1919-ல் எர்ன்ஸ்ட் கில்லாண்டர் என்ற ஸ்வீடன் ராணுவ அதிகாரி ஸ்டாக்ஹோம் அருகே நடத்திய போட்டிக்கு இருநூறு பேருக்கு மேல் வந்தார்கள். 1961-ல் பத்து நாடுகள் சேர்ந்து சர்வதேசச் சம்மேளனம் அமைத்தன. ஸ்வீடனில் 1965-ல் தொடங்கிய ‘ஓ-ரிங்கன்’ ஐந்து நாள் திருவிழாவுக்கு ஆயிரக்கணக்கான குடும்பங்கள், தங்கும் வண்டியைக் காரின் பின்னால் மாட்டிக்கொண்டு ரோடு வழியாக வந்து சேருகின்றன. நம்ம ஊரில் மாட்டு வண்டி கட்டிக்கொண்டு திருவிழாவுக்குப் போன மாதிரிதான்!

சரி, இந்த விளையாட்டு நம்ம பக்கம் ஏன் வேர் பிடிக்கவில்லை? வரைபடம் போடத் தெரியாத ஊரா இது? 1802 ஏப்ரலில் வில்லியம் லாம்டன் பரங்கிமலை அருகிலிருந்து பெரும்பாக்கம் பக்கம் வரை ஏழரை மைல் நீளத்துக்கு ஒரு நேர்கோட்டை அளந்தார். நூறு அடி எஃகுச் சங்கிலி. சுமார் நானூறு முறை போட்டு எடுத்து, 57 நாள் வேலை. இந்தியா முழுவதையும் முக்கோணங்களால் அளந்த மாபெரும் நில அளவைக்கு அடித்தளம் அந்தக் கோடுதான். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரு மணி நேரப் பயண தூரம்.

ஆனால் அளந்து வரைந்த ஷீட்டு மக்கள் கைக்கு வரவில்லை. சுதந்திர இந்தியாவில், எல்லையையும் கடற்கரையையும் ஒட்டி ஏறத்தாழ 80 கிலோமீட்டர் அகலத்துக்கு உட்பட்ட விவரமான ஷீட்டுகள் பாதுகாப்புக் காரணத்துக்காகக் கட்டுப்படுத்தப்பட்டன. ஸ்ரீபெரும்புதூரும் ஒரகடமும் அந்தப் பட்டைக்குள்தான் வருகின்றன. சாதாரண ஆள் கடையில் போய் வாங்க முடியாது. ஆகவே மேப் ரீடிங் என்பது ராணுவத்துக்கும் என்.சி.சி.க்கும் உரிய வித்தையாக ஒதுங்கிப் போச்சு. ஓரியண்டீரிங் இங்கே பரவாததற்கு இதுவும் ஒரு முக்கியமான காரணம் என்பது என் கருத்து.

வழி தேடும் ஆசை மட்டும் எங்கே போகும்? அது ரோட்டுக்கு வந்தது. 1953-ல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், சோழவரத்தின் பழைய விமான ஓடுதளத்தில் பந்தயங்கள் நடத்தியது. பிறகு 1990-ல் இருங்காட்டுக்கோட்டையில் தனக்கென்று பந்தயத் தடம் அமைத்தது. பந்தயத்தோடு ராலியும் வளர்ந்தது. நேரம்-வேகம்-தூரம் என்ற வகை ராலியில் வேகமாக ஓட்டுபவர் ஜெயிப்பதில்லை. குறித்த சராசரி வேகத்தில், குறித்த நொடியில் சாவடியைத் தொட வேண்டும். தாமதித்தாலும் அபராதம், முந்தினாலும் அபராதம்! பக்கத்து சீட்டில் இருக்கும் வழிகாட்டியிடம் வரைபடம் இருக்காது. இத்தனையாவது கிலோமீட்டரில் இடதுபுறம் திரும்பு என்று சொல்லும் ரோடு புக் மட்டும் இருக்கும். அதில் ஒரு புள்ளி, ஒரு அம்பு. புள்ளி நாம் வந்த வழி, அம்பு போக வேண்டிய வழி.

ஐரோப்பாக்காரனுக்கு ரோடு என்பது போட்டிக்குப் போகும் வழி. நமக்கோ ரோடே போட்டியாகிவிட்டது! இதில் நல்லதும் உண்டு. சென்னையில் பார்வையற்றோர் வழிகாட்டிகளாக அமரும் ராலிகள் நடந்திருக்கின்றன. ரோடு புக் பிரெய்லியில் இருக்கும். அவர் விரலால் படித்துச் சொல்ல, கண் உள்ளவர் ஓட்டுவார். வரைபடத்தை நம்பிய விளையாட்டில் இது இவ்வளவு சுலபமாக நடந்திருக்காது.

ஆனால் ரோடு புக்குக்கு ஒரு பலவீனம் உண்டு. அது ரோட்டை மட்டுமே பார்க்கும், ஊரைப் பார்க்காது. 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் வெளிவந்தது, 2010-ல் ஒரகடத்தில் ரெனோ-நிசான் ஆலை. பிள்ளைப்பாக்கம், மாம்பாக்கம், வல்லம் என்பவை இன்று சிப்காட் பெயர்களாகவே பலருக்குத் தெரியும். திருப்பத்துக்கு அடையாளம் சொன்ன புளியமரம் போய்விட்டால் ரோடு புக்கைத் திருத்திவிடலாம். மரத்துக்குப் பின்னால் இருந்த ஓடையை அது எப்போதுமே சொன்னதில்லை. ஷீட்டில் அது நீலக் கோடாக இருக்கும். எந்த ஏரி நிரம்பினால் தண்ணீர் எந்தப் பக்கம் போகும் என்று உயரக் கோடுகள் சொல்லும். 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கமும் அடையாறும் நமக்கு நடத்திய பாடம் அதுதான். இந்தப் பகுதியில் ஆலைகளையும் சாலைகளையும் கட்டுவது நாம்தானே? இந்தக் கோடுகளைப் படிக்கத் தெரியாமல் பட்டம் வாங்கி என்ன பயன்?

நல்ல சேதி, பூட்டு திறந்துவிட்டது. 2005-ன் தேசிய வரைபடக் கொள்கை பொதுமக்களுக்கென்று தனி ஷீட்டு வரிசையைக் கொண்டுவந்தது. 2017-ல் அவற்றை இணையத்தில் இலவசமாக இறக்கிக்கொள்ள ‘நக்ஷே’ தளம் வந்தது. 2021 பிப்ரவரியில் விதிகள் மேலும் தளர்ந்தன.

இன்றைய மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒரு ஞாயிற்றுக்கிழமை போனை அணைத்துவிட்டு, ஒரு ஷீட்டு, ஒரு காம்பஸோடு ஒரகடம் பக்கம் பஸ் ஏறுங்கள். ஏதாவது ஒரு ஏரிக்கரையில் இறங்கி, அதன் உபரி நீர் எந்த வழியாக அடுத்த ஏரிக்குப் போகிறது என்று நடந்தே கண்டுபிடியுங்கள். சீனியர்களான நாங்கள் ஷீட்டு பிரிண்ட் எடுத்துத் தருகிறோம், டீச் செலவும் எங்களுடையது. கோடு எங்கே அறுந்து போயிருக்கிறது என்று குறித்துக்கொண்டு வாருங்கள். அடுத்த சங்க மலரில் அந்த வரைபடத்தையே போடலாம்.