ஃபிஷ்பெக்கர் ஹைடெ
ஃபிஷ்பெக்கர் ஹைடெ, ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரத்தின் தென்மேற்கு ஓரத்தில் காடும் புதர்வெளியும் கலந்து அமைந்துள்ள இயற்கைக் காப்பகம் ஆகும். தாழ்ந்த குன்றுகளிடையே செல்லும் இதன் மணற்பாதைகளில் மலையேற்றப் பழக்கம் இல்லாதவரும் எளிதாக நடக்கலாம். ஆகஸ்ட் மாதத்தில் ஹெதர் செடிகள் பூத்து நிலம் ஊதா நிறமாகத் தோன்றும். 2012 இல் திறக்கப்பட்ட, செல்லெ நகர் வரை 223 கி.மீ. நீளும் ஹைட்ஷ்னுக்கென்வெக் நடைவழி இங்குதான் தொடங்குகிறது. ஹைட்ஷ்னுக்கெ என்பது இவ்வட்டாரச் செம்மறியாட்டு இனத்தின் பெயர்.

இப்புதர்வெளி இயற்கையாக அமைந்தது அன்று. காடு அழிக்கப்பட்டு, நூற்றாண்டுகளாக ஆடுகள் மேய்ந்ததனால் உருவானது. மேய்ச்சல் நின்றால் பிர்ச், பைன் கன்றுகள் வளர்ந்து இதனை மீண்டும் காடாக்கிவிடும். திறந்தவெளியை நம்பி வாழும் பூச்சிகளுக்கும் பல்லிகளுக்கும் இடமிராது. ஆகவே இன்றும் இங்கு மந்தைகள் மேய்க்கப்படுகின்றன. நடப்போர் தம் நாய்களைக் கட்டிப் பிடித்தே அழைத்துச் செல்ல வேண்டும்.