எலும்பு டாக்டருக்கு எவ்வளவு சம்பளம்? வந்தவாசியிலிருந்து ஒரு நீண்ட திரெட்

போன வாரம் ஆரணிப் பக்கத்திலிருந்து ஒரு பட்டு நெசவாளர் வந்திருந்தார். வீட்டம்மா கொல்லையில் வழுக்கி விழுந்து, இடுப்புக்கிட்ட தொடை எலும்பு முறிவு. மூணு இடத்துல விசாரிச்சுட்டு, கையில எக்ஸ்ரேவோட நின்னார்.

"ஒரே எலும்பு, ஒரே ஆபரேஷன். ஆளுக்கு ஒரு ரேட் சொல்றாங்க டாக்டர். எங்க சொசைட்டியில இந்த டிசைனுக்கு இவ்ளோ கூலின்னா யாரு நெய்தாலும் அதான். உங்க ஆளுங்களுக்கு மட்டும் ஏன் ஊருக்கு ஒரு கணக்கு?"

நான் ஆர்த்தோ இல்லை, பொது மருத்துவர். அவசரத்தில் செங்கல்பட்டுக்கு எழுதிக் கொடுத்து அனுப்பிட்டேன். அவருக்குச் சொல்லாமல் விட்ட பதிலை இங்கே எழுதுறேன். கொஞ்சம் பழைய கதை. பொறுமையா படிங்க.

முதலில் இன்றைய நிலவரம். வந்தவாசியை நடுவில் வைத்து சுமார் 100 கிலோமீட்டருக்கு ஒரு வட்டம் போடுங்க. தமிழக அரசு மருத்துவமனையில் உதவி மருத்துவராகச் சேருபவருக்கு லெவல் 22, தொடக்க அடிப்படைச் சம்பளம் 56,100 ரூபாய். பணி நேரம் போக வெளியில் கிளினிக் வைத்துக்கொள்ளலாம். புதுச்சேரி ஜிப்மர் மத்திய அரசு நிறுவனம். அங்கே உதவிப் பேராசிரியரின் தொடக்கம் 1,01,500. அதுக்கு மேல அடிப்படையில் 20 சதவீதம் என்.பி.ஏ., அதாவது வெளியே பிராக்டிஸ் பண்ணாமல் இருப்பதற்கான படி. வேலூர் சி.எம்.சி.யில் சம்பளம் மட்டும்தான், தனி பிராக்டிஸ் கிடையாது. சென்னை கார்ப்பரேட்டில் 'மினிமம் கேரண்டி' என்று ஒரு தொகை பேசி, அதைத் தாண்டி வரும் வருமானத்தில் பங்கு. நம்ம ஊர் மாதிரி சின்ன ஊர் நர்சிங் ஹோம்களில் சர்ஜன் கார்ல வருவார், ஆபரேஷன் முடிப்பார், கேஸுக்கு இவ்வளவுன்னு வாங்கிட்டு அடுத்த ஊருக்குக் கிளம்புவார். நெசவு பாஷையில் சொன்னால் கூலி நெசவு.

எல்லாரும் படிச்சது அதே எம்.எஸ். ஆர்த்தோதான்.

இந்தக் குழப்பம் நேத்து வந்ததில்லை. 1760 ஜனவரி 22, வந்தவாசிப் போர். அயர் கூட்டின் ஆங்கிலேயப் படை லாலியின் பிரெஞ்சுப் படையைத் தோற்கடித்த நாள். அன்றைக்கு மயக்க மருந்தும் இல்லை, எக்ஸ்ரேவும் இல்லை. துப்பாக்கிக் குண்டு எலும்பை நொறுக்கினால் பெரும்பாலும் காலை வெட்டி எடுப்பதுதான் வைத்தியம். கம்பெனி தன் ஆட்களுக்குக் கொடுத்த சம்பளம் சொற்பம், அதனால் சொந்த வியாபாரம் செய்துகொள்ள விட்டிருந்தது. கம்பெனி சர்ஜன் வில்லியம் ஹாமில்டனைப் பாருங்க. 1715 வாக்கில் டெல்லிக்குப் போய் முகலாயப் பேரரசர் பரூக்சியருக்கு வைத்தியம் பார்த்தார். பரிசுகளோடு அவருடைய அறுவைக் கருவிகளையே தங்கத்தில் செய்து கொடுத்தாங்களாம்! கோட்டையில் சிப்பாய்க்குக் கட்டுப் போட்டவருக்கு அந்த யோகம் ஏது? அப்பவே ஊரும் நோயாளியும்தான் வருமானத்தை முடிவு பண்ணியிருக்கு.

அப்புறம் ஐ.எம்.எஸ். என்ற இந்திய மருத்துவப் பணி. தேர்வு லண்டனில். 1855-லேயே இந்தியர்களும் எழுதலாம் என்று திறந்துவிட்டாலும், உள்ளே போனவர்கள் வெகு சிலர். மேலே ஐ.எம்.எஸ். சிவில் சர்ஜன், கீழே இந்திய சப் அசிஸ்டென்ட் சர்ஜன். ஒரே ஆஸ்பத்திரியில் வேலை, சம்பளத்தில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். சிவில் சர்ஜன் மாவட்டத் தலைநகரில் இருப்பார், ஜமீன்தார் வீட்டுக்குப் போய் தனிக் கட்டணமும் வாங்குவார். தாலுகா டிஸ்பென்சரியில் கிடந்தவர் அந்த சப் அசிஸ்டென்ட்.

அப்போ வந்தவாசியில் கை ஒடிஞ்சவங்க எங்கே போனாங்க? கட்டு வைத்தியர்கிட்டதான். இன்றைக்கும் நம்ம பக்கம் 'புத்தூர் கட்டு' போர்டு இல்லாத ஊர் உண்டா? அந்தப் புத்தூர் இப்போ ஆந்திராவில் இருக்கு, ஆனால் 1911-ல் சித்தூர் மாவட்டம் பிரியும் வரை அதுவும் வட ஆற்காடுதான். விலகாத சின்ன முறிவு எப்படிக் கட்டினாலும் ஒட்டும், அதனால் பேர் நிலைச்சது. இறுக்கிக் கட்டி விரல் கறுத்துப்போய் வந்த குழந்தைகளையும் நான் பார்த்திருக்கேன். மக்களைத் திட்டிப் பிரயோஜனம் இல்லை. கட்டுக்காரர் பக்கத்துல இருந்தார், கட்டணம் கைக்கு எட்டியது, ஆர்த்தோ ஊரிலேயே இல்லை.

அரசு இதைத் தெரிஞ்சுதான் இருந்தது. 1920-களில், பனகல் அரசர் முதலமைச்சராக இருந்த நீதிக்கட்சி ஆட்சியில், கிராமத்தில் போய் உட்காரும் டாக்டருக்கு ஆண்டு மானியம் தரும் திட்டம் வந்தது. ஊரைப் பார்த்துக் காசு கொடுக்கும் யோசனை நம்ம மாகாணத்துக்கு நூறு வருஷப் பழசு. 1946 போர் கமிட்டி, முழுநேர அரசு மருத்துவருக்கு நல்ல சம்பளம் கொடுத்துத் தனி பிராக்டிஸைத் தடுக்கணும் என்றது. ஜிப்மரில் இன்றைக்கு இருப்பது கிட்டத்தட்ட அதுதான். தமிழ்நாடு அந்த வழியில் போகவில்லை. குறைந்த சம்பளம், வெளியே சம்பாதித்துக்கொள் என்ற பழைய ஏற்பாடே தொடர்ந்தது.

அதே 1946-ல் வேலூர் சி.எம்.சி.க்கு ஒரு சர்ஜன் வந்தார். பால் பிராண்ட், 1914-ல் கொல்லிமலையில் பிறந்தவர். தொழுநோயில் மடங்கிப்போன கைகளுக்குத் தசைநாரை மாற்றித் தைத்து விரல்களை நிமிர்த்தும் அறுவை சிகிச்சையை வளர்த்தவர். அந்த நோயாளிகள் கையில் காலணா இருந்திருக்காது. கேஸுக்கு இவ்வளவு என்று எண்ணும் இடத்தில் அந்த வேலை நடந்திருக்குமா? என் கணிப்பில் நடந்திருக்காது. சம்பளம் குறைவாக இருந்தாலும், நோயாளியின் பையைப் பார்க்காத இடமாக இருந்ததால்தான் நடந்தது.

1983-ல் சென்னையில் அப்போலோ வந்தது. மூத்த டாக்டருக்கு மாதச் சம்பளம் இல்லை, பார்த்த நோயாளிக்குக் கட்டணம். பிறகு எல்லோரும் அந்தப் பக்கம் சாய்ந்தார்கள். பில் பெரிசானதுக்கு டாக்டரை மட்டும் குறை சொல்லாதீங்க. 2017 ஆகஸ்டில் மத்திய அரசு மூட்டு மாற்றுக் கருவிக்கு உச்சவரம்பு வைத்தபோது, சராசரியாக ஒன்றரை லட்சத்துக்கு மேல் விற்ற கோபால்ட் குரோமியம் மூட்டு 54,720 ரூபாய்க்கு இறங்கியது. நடுவில் அவ்வளவு காசு நின்றிருக்கு.

இப்போ முக்கியமான இடத்துக்கு வர்றேன். தமிழ்நாடு கிராமத்து டாக்டருக்குக் காசுக்குப் பதில் சீட்டாகச் சம்பளம் கொடுத்தது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலை பார், மேற்படிப்பில் அரசு மருத்துவர்களுக்கு 50 சதவீத ஒதுக்கீடு. அருமையான ஏற்பாடு. எம்.பி.பி.எஸ். முடித்த பிள்ளைகள் குக்கிராமத்துக்கும் போனாங்க, நானும் அப்படிப் போனவன்தான். நீட்டுக்குப் பிறகு 2017-ல் இது சிக்கலானது. 2020 ஆகஸ்ட் 31 தீர்ப்பில், ஒதுக்கீடு தரும் அதிகாரம் மாநிலத்துக்கு உண்டு என்று உச்ச நீதிமன்றம் சொன்னது.

ஆனால் அந்தப் பரிசு ஒருமுறைதான். ஆர்த்தோ முடித்துவிட்டவரை வந்தவாசியில் உட்காரவைக்க அரசு கையில் அப்புறம் எதுவும் இல்லை. வெளி பிராக்டிஸ்தான் நிஜ வருமானம் என்றால், அவர் அது ஓடும் ஊருக்குத்தான் மாற்றல் கேட்பார். சம்பள உயர்வும் மெதுவாத்தான் வந்தது. 2009-ன் அரசாணை 354-ன்படி, மத்திய அரசு டாக்டர் 13 ஆண்டில் தொடும் 'பே பேண்ட் 4' இங்கே 20 ஆண்டில். அதை மாற்றச் சொல்லித்தான் 2019 அக்டோபர் 25 அன்று அரசு மருத்துவர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். நோயாளி எண்ணிக்கைக்கு ஏற்ற பணியிடங்களும் கேட்டார்கள். நவம்பர் 1-ல் முடிந்தது. கையில் கிடைத்தது இடமாற்ற உத்தரவும் குற்றக் குறிப்பாணையும்.

நல்லதும் நடந்திருக்கு. 2009-ல் தொடங்கிய காப்பீட்டுத் திட்டத்தில் அரசு மருத்துவமனையும் தொகை பெறலாம், அதில் ஒரு பங்கு வேலை செய்த குழுவுக்கே ஊக்கத்தொகை. 2021 டிசம்பர் 18 அன்று பக்கத்து மேல்மருவத்தூரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில், விபத்தில் அடிபட்டவரின் முதல் 48 மணி நேரச் செலவு அரசுடையது. கையில காசில்லை என்று கட்டுக்காரரிடம் போவது நிச்சயம் குறையும்.

அந்த அம்மாவுக்கு இது பொருந்தாது, அவங்க விழுந்தது வீட்டில். செங்கல்பட்டு மருத்துவக் கல்லூரியில் காப்பீட்டு அட்டையிலேயே பாதி மூட்டு மாற்றினாங்க. நேத்து அவர் போன் பண்ணார். வாக்கர் வைத்து நடக்கிறாங்களாம். தறி ஒரு வாரமா சும்மா நிக்குது, பிசியோதெரபிக்கு ஆரணியிலேயே ஆள் இருக்கான்னு கேட்டார். விசாரிச்சுட்டு இருக்கேன். தெரிஞ்சவங்க கமெண்ட்ல சொல்லுங்க.