பொதுப் பாடநூலும் பொது நோக்கமும்

கல்வியின் நோக்கம் யாது என்னும் வினாவை நாம் பெரும்பாலும் தத்துவப் பொருளாகவே ஆராய்கிறோம். வடசென்னையிலோ அது தெருவிலேயே எழுந்த வினாவாகும். ராயபுரத்து மீனவர், துறைமுகத் தொழிலாளர், திருவொற்றியூர், எண்ணூர் ஆலைத் தொழிலாளர், இரயில்வேயைச் சார்ந்து வாழ்ந்த ஆங்கிலோ இந்தியர் ஆகியோரின் பிள்ளைகள் அருகருகே வளர்ந்தனர். எனினும், சேர்ந்த பள்ளிக்கேற்ப வெவ்வேறு பாடத்திட்டங்களைக் கற்றனர்.

இப்பிரிவினையின் வரலாற்றில் திருச்சபைக்கும் பங்குண்டு. 1854ஆம் ஆண்டின் உட் கல்வி அறிக்கை அரசு மானியத்திற்கு வழிவகுத்தது. மிஷன் பள்ளிகள் அதனைப் பெற்று அரசின் ஆய்வுக்கு உட்பட்டன. ஏழைகள் வேதத்தை வாசிக்க வேண்டும் என்பதற்காகத் தொடக்கப் பள்ளிகளை நிறுவிய அதே திருச்சபை, காலப்போக்கில் கட்டணம் பெறும் ஆங்கிலப் பள்ளிகளையும் நிறுவியது. மாநில வாரியம், மெட்ரிகுலேஷன், ஆங்கிலோ இந்தியன், ஓரியண்டல் என நால்வகை முறைகள் தமிழ்நாட்டில் நிலைபெற்றன.

இவற்றை ஒன்றாக்கும் பொருட்டு 2006இல் முத்துக்குமரன் குழு அமைக்கப்பட்டது. 2010இல் சமச்சீர்க் கல்விச் சட்டம் இயற்றப்பட்டு, அவ்வாண்டே முதலாம், ஆறாம் வகுப்புகளில் பொதுப் பாடத்திட்டம் நடைமுறைக்கு வந்தது. 2011இல் ஆட்சி மாறியதும் புதிய அரசு அதனை ஒத்திவைக்க முயன்றது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. ஆகஸ்ட் 9ஆம் நாள் வெளியான தீர்ப்பு அதனைச் செயற்படுத்துமாறு ஆணையிட்டது.

பாடநூல் பொதுவாயிற்று, நோக்கமும் பொதுவாயிற்றா? அச்சட்டம் மத்திய வாரியப் பள்ளிகளைக் கட்டுப்படுத்தவில்லை. தனியார் பள்ளிகள் பல பின்னர் அவ்வாரியத்தை நாடின. மறுபுறம், எட்டு வயதுக்குள் எல்லாப் பிள்ளைகளும் எழுத்தறிவும் எண்ணறிவும் பெற வேண்டும் என்னும் இலக்கை 2025ஆம் ஆண்டுக்குள் எய்த, 2022இல் அரசு 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தைத் தொடங்கியது. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலான பொதுக் கல்விக்குப் பின்னும் இத்தகைய இலக்கு தேவைப்பட்டமை நம்மைச் சிந்திக்கச் செய்ய வேண்டும்.

செல்வனுக்கு முன்னிருக்கையும் ஏழைக்குக் காலடியும் தரும் பட்சபாதத்தை யாக்கோபின் நிருபம் கண்டிக்கிறது. அக்கண்டனம் ஆலயத்திற்கு மட்டும் உரியதன்று. நம் சபையின் ஆங்கிலப் பள்ளியில் பயிலும் பிள்ளைக்கு எதை எதிர்பார்க்கிறோமோ, அதையே நம் உதவிபெறும் தொடக்கப் பள்ளியில் அமர்ந்திருக்கும் மீனவச் சிறுவனுக்கும் எதிர்பார்க்கிறோமா? பள்ளி நிர்வாகக் குழுக்களில் அமரும் போதகர்கள் தேர்ச்சி விழுக்காட்டைக் கேட்குமுன் இவ்வினாவைக் கேட்பார்களாக.