புரூஸ் ஃபோர்சைத் (1928–2017)

பிரிட்டிஷ் பல்சுவைக் கலைஞர். தொலைக்காட்சி விளையாட்டு நிகழ்ச்சித் தொகுப்பாளர். முழுப்பெயர் புரூஸ் ஜோசப் ஃபோர்சைத்-ஜான்சன். வடக்கு லண்டனின் எட்மன்டன் பகுதியில் 1928 பிப்ரவரி 22 அன்று பிறந்தார். பதினோரு வயதில் கேமரா முன் நின்றவர், எண்பத்தைந்து வயதிலும் சனிக்கிழமை இரவு நேரலை ஒன்றை நடத்திக்கொண்டிருந்தார். மிக நீண்ட காலம் தொலைக்காட்சியில் பணியாற்றிய ஆண் கலைஞர் என்று கின்னஸ் சாதனைப் பதிவில் அவர் பெயர் ஏறியது. ஆடவும் பாடவும் பியானோ வாசிக்கவும் மேடையேறியவர் அவர். ஆனால் மேடையே பழக்கமில்லாத சாதாரண மனிதர்கள் பக்கத்தில் அவர் நின்ற விதத்துக்காகத்தான் பிரிட்டன் அவரை அதிகம் விரும்பியது.

தந்தை கார் பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தார். பெற்றோர் இருவரும் கிறிஸ்தவத் தொண்டு அமைப்பான சால்வேஷன் ஆர்மியைச் சேர்ந்தவர்கள். எட்டு வயதில் ஹாலிவுட் நடிகர் ஃபிரெட் அஸ்டேரின் நடனத்தைத் திரையில் பார்த்த சிறுவன், டாட்டனம் பகுதியில் நடனம் கற்கப் போனான். 1939-இல் பிபிசியின் திறமை நிகழ்ச்சி ஒன்றில் தோன்றினான். அந்த ஆண்டு செப்டம்பர் 1 அன்று, போர் நெருங்கியதால், பிபிசி தன் தொலைக்காட்சி ஒளிபரப்பையே நிறுத்திவிட்டது. 1942-இல், பதினான்கு வயதில், பில்ஸ்டன் நகரின் தியேட்டர் ராயலில் 'பாய் புரூஸ், தி மைட்டி ஆட்டம்' என்ற பெயரில் பாட்டும் ஆட்டமும் அக்கார்டியனுமாக முதல் மேடை. மறு ஆண்டு, விமானப்படையில் இருந்த அண்ணன் ஜான் பயிற்சியின்போது விபத்தில் இறந்தார்.

அடுத்த பதினைந்து ஆண்டுகள் ஊர் ஊராகச் சுற்றிய பல்சுவை மேடைகளிலும், லண்டன் விண்ட்மில் தியேட்டரிலும், கட்டாய ராணுவப் பணியிலும் கழிந்தன.

1958-இல் திருப்பம் வந்தது. வணிகத் தொலைக்காட்சியான ஐடிவியின் 'சண்டே நைட் அட் தி லண்டன் பல்லேடியம்' நிகழ்ச்சிக்கு அவர் தொகுப்பாளரானார். டில்லர் கேர்ல்ஸ் குழுவின் நடனத்தோடு தொடங்கி, சுழலும் மேடையில் எல்லாக் கலைஞர்களும் நின்று கையசைப்பதோடு முடியும் நேரலை நிகழ்ச்சி அது. நடுவே 'பீட் தி கிளாக்' என்றொரு விளையாட்டு இருந்தது. பார்வையாளர்களிலிருந்து வந்த தம்பதிகள் ஒரு பெரிய கடிகாரத்தோடு போட்டி போட்டுக்கொண்டு பந்து, பலூன், தட்டு என எதையாவது வைத்துக் கொடுக்கப்பட்ட வேலையை முடிக்க வேண்டும். 'ஐ'ம் இன் சார்ஜ்' என்ற அவருடைய முதல் முத்திரை வாக்கியம் இங்கே பிறந்தது. போட்டியாளர் ஒருவர் குளறுபடி செய்தபோது அந்தக் கணத்தில் வாயில் வந்தது என்பதே பொதுவாகச் சொல்லப்படும் கதை. பிறகு அது சட்டையில் குத்திக்கொள்ளும் வில்லைகளில்கூட அச்சானது.

குடற்புண்ணால் 1960-இல் சில மாதங்கள் விலகியிருந்து திரும்பினார். 1961 டிசம்பரில் நடிகர் சங்கமான ஈக்விட்டியின் வேலைநிறுத்தத்தால் நிகழ்ச்சிக்குக் கலைஞர்கள் கிடைக்கவில்லை. நகைச்சுவை நடிகர் நார்மன் விஸ்டமும் ஃபோர்சைத்தும் இருவர் மட்டுமாக முழு நிகழ்ச்சியையும் நடத்தினார்கள். பசையும் ஏணியும் காகிதச் சுருளுமாக இருவரும் சுவருக்குக் காகிதம் ஒட்ட முயலும் காட்சி, பல்லேடியத்தைப் பற்றிப் பேசுவோர் யாரும் விடாமல் குறிப்பிடும் ஒன்று. 1963 அக்டோபர் 13 அன்று பீட்டில்ஸ் குழுவை அறிமுகம் செய்தவரும் இவரே. பீட்டில்ஸ் ரசிகர் வெறி அந்த இரவில்தான் தொடங்கியது என்பார் சிலர். அதற்கு முன்பே தொடங்கிவிட்டது என்பாரும் உண்டு.

1964-இல் பல்லேடியத்தை விட்டு 'லிட்டில் மீ' இசை நாடகத்தில் பல வேடங்களில் நடித்தார். 1968-இல் ஜூலி ஆண்ட்ரூஸ் நடித்த 'ஸ்டார்!' திரைப்படத்தில் அவருடைய தந்தையாகத் தோன்றினார்.

ஃபோர்சைத்தின் பெயர் நிலைத்தது 1971 அக்டோபரில் பிபிசியில் தொடங்கிய 'தி ஜெனரேஷன் கேம்' மூலமாக. இதன் மூலவடிவம் மீஸ் பவ்மன் தொகுத்த 'ஏன் ஃபான் டே அக்ட்' என்ற நெதர்லாந்து நிகழ்ச்சி. அந்த வடிவத்தை 1969-இல் உருவாக்கியவர் ஓர் இல்லத்தரசி என்றும், 'பீட் தி கிளாக்' போன்ற விளையாட்டுகளே அவருக்குத் தூண்டுதல் என்றும் குறிப்புகள் கூறுகின்றன. அது சரியானால், ஃபோர்சைத் ஏற்கெனவே நடத்திய விளையாட்டின் பேரப்பிள்ளைதான் நெதர்லாந்து சுற்றி அவரிடமே வந்து சேர்ந்தது.

நான்கு ஜோடிகள். ஒவ்வொன்றிலும் ஒரே குடும்பத்தின் இரு தலைமுறையினர்: தாயும் மகனும், தந்தையும் மகளும், மாமாவும் மருமகளும். தேர்ந்த கைவினைஞர் ஒருவர் வந்து சக்கரத்தில் பானை வனைந்து காட்டுவார், அல்லது கேக்குக்கு அலங்காரம் செய்வார். அவர் கைக்கு அது நிமிட வேலை. பிறகு போட்டியாளர்கள் அதையே செய்ய வேண்டும். களிமண் சரியும், கிரீம் வழியும், அரங்கம் குலுங்கும். ஃபோர்சைத் அவர்களுக்கு நடுவே ஓடுவார், அதட்டுவார், தலையில் அடித்துக்கொள்வார், அவர்கள் கையிலிருந்து பிடுங்கித் தானும் கெடுப்பார். சிரிக்கவைக்கும் அந்தத் தோல்வியில் போட்டியாளரை அவர் தனியே விட்டதில்லை. அவர் செய்த கேலியை இன்று கிடைக்கும் காட்சித் துணுக்குகளில் பார்த்தாலும், போட்டியாளர் முகத்தில் அவமானத்தைவிட மகிழ்ச்சியே தெரிகிறது. சிறுவயதிலிருந்து மேடையில் தானே தடுமாறிப் பழகியவருக்குத்தான் இது கைவரும்.

நிகழ்ச்சியின் தொடக்கத்தில், ஒரு முழங்காலை உயர்த்தி, மடக்கிய கைமுட்டியை நெற்றியில் வைத்த நிலையில் அவருடைய நிழலுருவம் தெரியும். ரொடானின் 'சிந்தனையாளர்' சிலையை நினைவூட்டும் அந்த நிலை கடைசிவரை அவருடைய அடையாளமானது. வெளிச்சம் வந்ததும், 'நைஸ் டு சீ யூ, டு சீ யூ' என்று அவர் நிறுத்த, 'நைஸ்!' என்று அரங்கம் முடித்துவைக்கும். உதவித் தொகுப்பாளர் ஆன்தியா ரெட்ஃபெர்ன் புதுப்புது உடையில் வந்து ஒரு சுற்றுச் சுற்றுவார். 1973-இல் இருவரும் மணந்துகொண்டார்கள்.

கடைசிக் கட்டம் கன்வேயர் பெல்ட். வென்றவர் உட்கார்ந்து பார்க்க, பரிசுப் பொருள்கள் ஒவ்வொன்றாக நகர்ந்து போகும்: சூட்கேஸ், மேசை விளக்கு, அலாரம் அடித்ததும் தானே தேநீர் போடும் 'டீஸ்மேட்', ஃபாண்டு பாத்திரம். ஒரு பஞ்சுப் பொம்மை கட்டாயம் இருக்கும். பிறகு ஒரு நிமிடத்துக்கும் குறைவான நேரத்தில் நினைவுக்கு வருவதையெல்லாம் சொல்ல வேண்டும். சொன்னவை அவருக்கே சொந்தம். வேறெதுவும் நினைவுக்கு வராதபோதும் 'பஞ்சுப் பொம்மை!' என்று கத்தலாம், அரங்கமே அதைச் சொல்லிக்கொடுக்கும். எழுபதுகளின் பிரிட்டிஷ் நடுத்தரக் குடும்பம் எதற்கெல்லாம் ஆசைப்பட்டது என்பதற்கு இந்தப் பெல்ட்டைவிடத் தெளிவான பட்டியல் கிடைப்பது கடினம். 'டிட்ன்ட் ஹி டூ வெல்!' என்ற பாராட்டும் இந்த நிகழ்ச்சிக்கு உரியது. பெல்ட்டில் வந்த பொருள்கள் முழுவதையும் ஒரு போட்டியாளர் சொல்லி முடித்தபோது அது பிறந்தது என்பது ஒரு கதை.

பார்வையாளர்கள் 2 கோடியைத் தாண்டினார்கள் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. அவருக்குப் பின் வந்த லாரி கிரேசன் காலத்தில், 1979-இல் ஐடிவி வேலைநிறுத்தத்தால் முடங்கிக் கிடந்தபோது, இதைவிடப் பெரிய எண்ணிக்கை பதிவானதால் இரண்டையும் தனித்தனியே வைத்துப் பார்ப்பதே முறை. ஜெர்மனியில் ரூடி காரெல் இதே வடிவத்தை 1974 முதல் வெற்றிகரமாக நடத்தினார்.

1977-இல் ஃபோர்சைத் விலகினார். அடுத்த ஆண்டு ஐடிவி சனிக்கிழமை இரவின் இரண்டு மணி நேரத்தை 'புரூஸ் ஃபோர்சைத்ஸ் பிக் நைட்' என்று அவருக்கே கொடுத்தது. ஆட்டம், பாட்டு, விருந்தினர், நாடகத் துணுக்கு எல்லாம் இருந்தும் அது நிலைக்கவில்லை. அதே நேரத்தில் பிபிசியில் ஓடிய கிரேசனின் ஜெனரேஷன் கேமே வென்றது. 1979-இல் நியூயார்க்கின் விண்டர் கார்டன் அரங்கில் தனிநபர் நிகழ்ச்சி நடத்தினார். அதற்கு வந்த விமர்சனங்களில் பாதகமானவற்றையே பிரிட்டிஷ் பத்திரிகைகள் பெரிதாக்கின என்பது அவர் தரப்பு.

1980-இல் 'பிளே யுவர் கார்ட்ஸ் ரைட்' அவரை மீட்டது. அமெரிக்காவின் 'கார்ட் ஷார்க்ஸ்' நிகழ்ச்சியின் பிரிட்டிஷ் வடிவம் இது. அடுத்த சீட்டு பெரிதா சிறிதா என்று ஊகிக்கும் எளிய ஆட்டம், அரங்கமே 'ஹையர்!', 'லோயர்!' என்று கத்தும். 1986-இல் அமெரிக்காவின் ஏபிசியில் நடத்திய 'ஹாட் ஸ்ட்ரீக்' சில மாதங்களே ஓடியது. 1975-இன் உலக அழகி, போர்ட்டோ ரிக்கோவின் வில்னேலியா மெர்செட்டை 1983-இல் மணந்தார். இது மூன்றாவது திருமணம். 1990 முதல் 1994 வரை மீண்டும் ஜெனரேஷன் கேம், பிறகு 'தி பிரைஸ் இஸ் ரைட்'.

2003-இல் 'ஹேவ் ஐ காட் நியூஸ் ஃபார் யூ' என்ற அரசியல் நையாண்டி நிகழ்ச்சிக்குச் சிறப்புத் தொகுப்பாளராக வந்தார். தேடப்படும் ஈராக்கியர்களின் படங்களோடு அமெரிக்க ராணுவம் அச்சிட்ட சீட்டுக்கட்டை வைத்துத் தன் பழைய சீட்டாட்டத்தையே நடத்திக் காட்டினார். எழுபத்தைந்து வயதில் ஒரு புதிய தலைமுறை அவரைக் கண்டுகொண்டது. மறு ஆண்டு டெஸ் டேலியோடு 'ஸ்ட்ரிக்ட்லி கம் டான்சிங்' நிகழ்ச்சியைத் தொடங்கினார். பிரபலங்கள் நடனம் கற்று மேடையேறும் இந்த வடிவம் 'டான்சிங் வித் தி ஸ்டார்ஸ்' என்ற பெயரில் பல நாடுகளுக்குப் போனது. நடனத்துக்காகவே வீட்டை விட்டுக் கிளம்பிய மனிதரின் கடைசிப் பெரிய வேலை நடன நிகழ்ச்சியானது பொருத்தம். இங்கும் அவர் பெரும்பாலும் நின்றது, அடி தவறிய போட்டியாளரின் பக்கத்தில்.

2008-இல் பாஃப்டா ஃபெலோஷிப். ரசிகர்களும் நாடாளுமன்ற உறுப்பினர்களும் தொடர்ந்து வற்புறுத்திய பின் 2011-இல் சர் பட்டம். 2013-இல் கிளாஸ்டன்பரி இசை விழாவில் பாடினார். 2014-இல் ஸ்ட்ரிக்ட்லியிலிருந்து விலகினார். 2017 ஆகஸ்ட் 18 அன்று சரே மாவட்டத்து வீட்டில் காலமானார். அவருடைய அஸ்தி பல்லேடியம் அரங்கில் வைக்கப்பட்டுள்ளது.

2018-இல் மெல் கெட்ராய்ச், சூ பெர்கின்ஸ் இருவரும் ஜெனரேஷன் கேமை மீண்டும் கொண்டுவந்தார்கள். இரண்டு பகுதிகளே ஒளிபரப்பாயின.