ஆயா கப்பல் ஏறவில்லை

கொஞ்சம் நீளமான பதிவு. நேரமுள்ளவர்கள் வாசியுங்கள்.

எங்களிடம் சாதாரண தரத்தில் வரலாறு படித்த பிள்ளை ஒருத்தி இப்போது மெல்பேர்னில் இருக்கிறாள். மூத்தது 3 வயது, இளையது 8 மாதம். போன கிழமை வாட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு அனுப்பியிருந்தாள். அங்கே நள்ளிரவு. பின்னால் தண்ணீர்க் குழாய் ஓடும் சத்தம் கேட்டது.

"டீச்சர், ஊர்ல இருந்த நேரம் ஒரு கோப்பையக் கழுவி வெச்சதில்ல நான். இப்ப ராவு பன்னெண்டு மணிக்கும் குசினிக்குள்ளதான் நிக்கிறன். உடுப்பு, சமையல், பிள்ளை, வேலைக்குப் போறது எல்லாம் நாங்க ரெண்டு பேரும்தான். முந்தி இங்க வந்த ஆக்கள் எப்படித்தான் சமாளிச்சாங்களோ தெரியா. நீங்க ஹிஸ்ட்ரி படிப்பிச்ச ஆள்தானே, சொல்லுங்களன்."

விளையாட்டாகத்தான் கேட்டாள். ஆனால் நாங்கள் இருவரும் ஆசிரியர்கள்; கேள்வி என்று ஒன்று வந்தால் விடமாட்டோம். இரண்டு மூன்று இரவு இதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம். அவளுக்கு அனுப்பிய பதிலைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறோம்.

இந்த நாட்டிலிருந்து குடும்பம் குடும்பமாக மெல்பேர்னுக்குப் போன முதல் கூட்டம் தமிழரும் அல்ல, முஸ்லிம்களும் அல்ல, சிங்களவரும் அல்ல. பறங்கியர். ஒல்லாந்தர் 1658 முதல் 1796 வரை எங்கள் கரையோரங்களை ஆண்டார்கள். அவர்கள் வழியிலும் அதற்கு முந்திய போர்த்துக்கேயர் வழியிலும் வந்தவர்கள் இவர்கள். ஆங்கிலேயர் காலத்தில் லிகிதர், ரயில்வே, தபால், சட்டம், வைத்தியம், ஆசிரியத் தொழில் என்று எங்கு பார்த்தாலும் பறங்கியர் இருந்தார்கள். வீட்டிலும் கந்தோரிலும் ஆங்கிலம்தான். 1956இல் சிங்களம் மட்டும் சட்டம் வந்தது. தமிழ் பேசுகிறவர்களுக்கு அது என்ன செய்தது என்று நாங்கள் ஒவ்வொரு வருடமும் படிப்பிக்கிறோம். பறங்கியருக்கு என்ன செய்தது என்பது பாடப்புத்தகத்தில் ஒரு வரிக்கு மேல் இல்லை. அவர்கள் மூட்டை கட்டினார்கள். 1953 குடிசன மதிப்பீட்டில் சுமார் 46,000 பேர் இருந்த சமூகம் 1981இல் சுமார் 39,000. நாட்டின் சனத்தொகையோ அந்தக் காலத்தில் ஏறத்தாழ இரண்டு மடங்காகியிருந்தது.

அவுஸ்திரேலியா அப்போது வெள்ளையருக்கு மட்டும் என்ற கொள்கையோடு இருந்தது. உள்ளே போக ஐரோப்பிய வம்சாவளியைக் காட்ட வேண்டும். கொழும்பில் 1908இல் தொடங்கிய டச்சு பறங்கியர் சங்கம் தனது சஞ்சிகையில் குடும்ப வம்சவரலாறுகளை அச்சிட்டு வந்தது. பெருமைக்காகச் சேர்த்த அந்தப் பக்கங்கள் இப்போது விசாவுக்கான அத்தாட்சியாகின. தோல் நிறத்தையும் பார்த்தார்கள். ஒரே வயிற்றில் பிறந்த பிள்ளைகளில் ஒருவருக்குக் கிடைத்து மற்றவருக்குக் கிடைக்காத கதைகளும் உண்டு.

சரி, குசினிக்கு வருவோம்.

கொழும்பிலோ காலியிலோ கண்டியிலோ ஒரு நடுத்தரப் பறங்கி வீட்டை நினைத்துப் பாருங்கள். குசினி வீட்டின் பின்பக்கம், புகை முன்னறைக்கு வராத தூரத்தில். அங்கே ஒரு கோக்கி. பிள்ளைகளுக்கு ஒரு ஆயா. கூட்டித் துடைக்க ஒரு பையன். உடுப்பு எடுக்க வாரத்துக்கு ஒரு தடவை தோபி வருவார். பெரிய பணக்காரர் என்றில்லை, லிகிதர் வீட்டிலும் இதில் இரண்டு பேராவது இருப்பார்கள். வீட்டு அம்மா சும்மா இருந்தார் என்று சொல்லவில்லை. லம்ப்ரைஸ் செய்வது, நத்தாருக்கு கேக் அடிப்பது எல்லாம் அவர் மேற்பார்வைதான். ஆனால் விறகு ஊதியதும் தேங்காய் துருவியதும் பிள்ளையின் ஈரத்துணி கசக்கியதும் வேறு கைகள்.

கொழும்பில் கப்பல் ஏறினால் ஒன்பது பத்து நாளில் பிரிமாண்டில். அங்கிருந்து மெல்பேர்ன், சிட்னி. தளபாடம் போனது, வெள்ளிக் கரண்டி போனது, குடும்ப பைபிள் போனது. ஆயா போகவில்லை. அவருக்கு வம்சாவளிப் பத்திரம் யார் கொடுப்பார்கள்?

போய் இறங்கிய இடத்தில் வேலைக்காரர் என்ற வகையே கிட்டத்தட்ட இல்லை. உலகப் போருக்குப் பிறகு அவுஸ்திரேலியப் பெண்கள் பிறர் வீட்டில் நிற்பதை விட்டுத் தொழிற்சாலைக்கும் கடைக்கும் போய்விட்டார்கள். சாதாரண வீட்டில் வீட்டுக்காரியே எல்லாம் செய்தாள். அதற்கேற்ற கருவிகளும் வந்துகொண்டிருந்தன. அங்கே பழைய வீட்டு முற்றங்களில் குடை மாதிரிச் சுற்றும் ஒரு கொடிக்கம்பி இருக்கும், எங்கள் மாணவி அனுப்பிய படத்திலும் இருந்தது. ஹில்ஸ் ஹொய்ஸ்ட். 1945இல் அடிலெய்டில் லான்ஸ் ஹில் என்பவர் செய்யத் தொடங்கியது. கொழும்பிலிருந்து போன அம்மாமார் தோபியை மறந்து அந்தக் கம்பிக்குக் கீழே நின்றார்கள்.

இதில் ஒருவரின் கதை உலகத்துக்கே தெரியும். சார்மெய்ன் சொலமன், 1930இல் கொழும்பில் பிறந்தவர், டெய்லி நியூஸ் பத்திரிகையில் வேலை செய்தவர். 1959இல் கணவரோடும் பிள்ளைகளோடும் சிட்னிக்குக் குடியேறினார். கணவர் ஜாஸ் இசைக் கலைஞர். அந்த வீட்டுக் குசினியில் தொடங்கியது 1976இல் 'த கம்ப்ளீட் ஏசியன் குக்புக்' என்ற பெரிய நூலாக வந்தது. அதில் இலங்கைக் கறித்தூளைக் கறுக்க வறுக்கும் முறை இருக்கிறது. உலர்ந்த தேங்காய்த்தூளை ஊறவைத்துப் பால் பிழியும் முறையும் இருக்கிறது. திருவலை இல்லாத, திருவித் தர ஆளும் இல்லாத குசினிக்காக எழுதிய முறை அது. (அந்தத் தேங்காய்த்தூளை ஏற்றுமதி செய்ததே எங்கள் நாடுதான். இங்கே ஆலையில் உலர்த்தி அங்கே வெந்நீரில் ஊறவைத்தார்கள்.) வாயால் சொல்லிக் கோக்கியிடம் செய்வித்ததை இப்போது அளந்து எழுதவேண்டி வந்தது. ஒரு கரண்டி, அரைக் கோப்பை, இருபது நிமிடம் என்று.

அவுஸ்திரேலிய அரசாங்க சேவையில் 1966 வரை திருமணமான பெண்ணுக்கு நிரந்தர வேலை கிடையாது என்பதையும் சொல்ல வேண்டும். கல்யாணம் முடித்தால் வேலையை விட வேண்டும், வீடும் பிள்ளையும் அவள் பொறுப்பு. பிள்ளை பராமரிப்பு நிலையங்களுக்கு மத்திய அரசு காசு கொடுக்கும் சட்டம் 1972இல்தான் வந்தது. எங்கள் மாணவி இன்று திட்டிக்கொண்டே கட்டணம் கட்டும் அந்த நிலையம் தானாக முளைத்ததல்ல. வேலைக்காரி இல்லாத நாட்டில் பெண்கள் வேலைக்கும் போகத் தொடங்கியபோது பிள்ளையை யார் பார்ப்பது என்ற கேள்வி வீட்டை விட்டுப் பாராளுமன்றத்துக்குப் போனது.

எங்கள் நாட்டில் அந்தக் கேள்வி பாராளுமன்றம் போக அவசியமே இருக்கவில்லை. குசினியில் ஆள் இருந்தது. சட்டம் என்று பார்த்தால், 1871ஆம் ஆண்டு 28ஆம் இலக்க வீட்டு வேலைக்காரர் பதிவுக் கட்டளைச் சட்டம். வேலைக்காரரின் பெயரைப் பதிய வேண்டும், அவர் கையில் ஒரு சிறு பதிவுப் புத்தகம் இருக்க வேண்டும், நீங்கும்போது எசமான் அவரது நடத்தையை அதில் எழுத வேண்டும். எசமானின் நடத்தையை எழுத இடம் இல்லை. 1958இல் ஊழியர் சேமலாப நிதி வந்தபோதும் வீட்டு வேலைக்காரர் அதற்கு வெளியேதான் நின்றார்கள்.

'நாங்கள் கிழக்கு மாகாணத்து ஆட்கள், எங்களுக்கு ஏது கோக்கியும் ஆயாவும்' என்று சிலர் கேட்பீர்கள். உண்மைதான், எங்கள் ஊர்களில் அது வேறு மாதிரி. எங்களுக்கு இருந்தது உம்மாவின் வளவு. பெண் பிள்ளைக்கு வீடு கட்டிக் கொடுத்து மாப்பிள்ளையை அங்கே எடுக்கிறோம். பக்கத்து வளவில் ராத்தா, பின்னால் சாச்சி, மூலையில் மூத்தம்மா. பிள்ளை பிறந்து நாற்பது முடியும் வரை தாய் குசினிக்குள் கால் வைக்கத் தேவையில்லை. சரக்கு அரைக்க ஒரு கை, பிள்ளையைக் குளிப்பாட்ட ஒரு கை, மூத்த பிள்ளையைப் பாடசாலைக்கு அனுப்ப இன்னொரு கை. எங்கள் மாணவி விட்டுவிட்டுப் போனது இந்த வளவைத்தான். உம்மாவுக்கு விசிட் விசா எடுத்து மூன்று மாதம் கூப்பிடலாம். சாச்சியையும் ராத்தாவையும் மூத்தம்மாவையும் கூப்பிட முடியுமா?

ஆனால் அந்த வளவும் எல்லாருக்கும் ஒரே மாதிரி இருக்கவில்லை. எண்ணெய்ப் பணம் வளைகுடாவில் பெருகிய பிறகு, 1970களின் கடைசியிலிருந்து, எங்கள் ஏழை வீட்டுப் பெண்களே வீட்டு வேலைக்குப் போகத் தொடங்கினார்கள். 1985இல் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் சட்டமாக வந்தது. 1990களின் நடுப்பகுதியில் வெளிநாட்டு வேலைக்குப் போனவர்களில் பெரும்பாலானோர் பெண்கள். குவைத்தில் ஒரு வீட்டுப் பிள்ளையை எங்கள் ஊர்ப் பெண் பார்க்க, அவள் பிள்ளையை மூத்தம்மா பார்த்தார். எங்கள் வகுப்பறைகளில் பெற்றோர் கூட்டத்துக்கு மூத்தம்மாமார் வந்த காலம் அது.

மூதூர் ரிஸானா நபீக்கை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். 1988இல் பிறந்த பிள்ளை. கடவுச்சீட்டில் 1982 என்று போட்டு 2005இல் சவூதிக்கு வீட்டு வேலைக்கு அனுப்பினார்கள். போய்ச் சில கிழமைகளில், கைக்குழந்தைக்குப் போத்தல் பால் கொடுக்கும் பொறுப்பில் இருந்தபோது குழந்தை இறந்தது. புரையேறியது என்றாள் அவள்; கொலை என்றது நீதிமன்றம். 2013 ஜனவரி 9இல் தண்டனை நிறைவேற்றப்பட்டது. அன்று எங்கள் பாடசாலையில் ஆசிரியர் அறையில் ஒருவரும் பேசவில்லை. குழந்தை வளர்ப்பு எவ்வளவு கடினமான, கற்றுக்கொள்ள வேண்டிய வேலை என்று எங்கள் மாணவி இன்று இரண்டு பட்டங்களை வைத்துக்கொண்டு சொல்கிறாள். அந்த வேலையைத்தான் 17 வயதுப் பிள்ளையின் கையில் தனியாகக் கொடுத்தார்கள். அந்த ஆண்டிலேயே, 5 வயதுக்குக் குறைந்த பிள்ளையுள்ள தாய்மார் வீட்டு வேலைக்கு வெளிநாடு போக முடியாதென்று குடும்பப் பின்னணி அறிக்கை கேட்கத் தொடங்கினார்கள். தகப்பனுக்கு அப்படி ஒரு அறிக்கை கேட்கவில்லை.

பயான்களில் பாத்திமா நாயகியின் சம்பவத்தை அடிக்கடி சொல்வார்கள். திரிகை சுற்றிக் கை காய்த்துப்போய் வீட்டு வேலைக்கு ஆள் கேட்டுப் போனதும், ஆளுக்குப் பதில் தஸ்பீஹ் கிடைத்ததும். தஸ்பீஹோடு பயான் முடிந்துவிடும். நபியவர்கள் வீட்டில் தன் உடுப்பைத் தானே தைத்ததையும் வீட்டு வேலையில் கைகொடுத்ததையும் அதே மூச்சில் சொல்பவர் குறைவு.

இனி எங்கள் வீட்டு விஷயம். இதை எழுதாமல் பதிவைப் போட மனம் வரவில்லை.

1996இல் எங்கள் இரண்டாவது பிள்ளை பிறந்தது. இருவரும் பாடசாலை போக வேண்டும். உம்மா மௌத்தாகி இரண்டு வருடம், ராத்தாமார் ஒருவரும் பக்கத்தில் இல்லை. தெரிந்த ஒருவர் மூலம் பசறைப் பக்கத் தோட்டமொன்றிலிருந்து ஒரு பிள்ளை வந்தது. வயது 11. ஒரு ஷொப்பிங் பையில் இரண்டு சட்டை. பிள்ளையைப் பார்த்தால் போதும் என்றுதான் சொன்னோம். பிறகு கோப்பை, பிறகு உடுப்பு, பிறகு மீன் வெட்டுவது. அடிக்கவில்லை, ஏசவில்லை, பெருநாளுக்கு உடுப்பு எடுத்துக் கொடுத்தோம் என்று எங்களுக்கு நாங்களே பல வருடம் சொல்லிக்கொண்டோம். தகப்பனிடம் மாதச் சம்பளம் ஒழுங்காகப் போனது. அவள் கையில் போகவில்லை.

1998 ஜனவரியில் 5 முதல் 14 வயது வரை கட்டாயக் கல்வி என்று ஒழுங்குவிதி வந்தது. பாடசாலைக்கு வராத பிள்ளைகளைத் தேடி நாங்கள் வீடு வீடாகப் போய்ப் பட்டியல் எடுத்தோம். எங்கள் தெருவுக்கும் போனோம். அன்று நாங்கள் திரும்பி வந்தபோது தேத்தண்ணி ஊற்றித் தந்தது அவள்தான். அப்போது அவளுக்கு 13. அந்தப் பட்டியலில் அவள் பெயர் இல்லை.

2021 ஜூலையில் கொழும்பில் வீட்டு வேலை செய்துவந்த மலையகச் சிறுமியொருத்தி தீக்காயங்களோடு இறந்தபோது முகநூலில் எல்லாரும் எழுதினோம். நாங்களும் எழுதினோம், சிறுவரை வேலைக்கு வைக்காதீர்கள் என்று. வீட்டு வேலைக்கான குறைந்த வயது 16 ஆக உயர்ந்ததும் அந்த ஆண்டுதான். எங்கள் பதிவுக்கு நிறைய விருப்பக் குறிகள் விழுந்தன. எங்கள் வீட்டில் நின்ற பிள்ளையைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை.

மாணவிக்கு என்ன பதில் சொன்னோம்? முந்திப் போன பறங்கிய அம்மாமார் உன்னைப்போலத்தான் நின்றார்கள் என்றோம். பாதி வேலையை அவரிடம் கொடு, அவர் கைக்கும் ஒன்றும் ஆகாது என்றோம். சனிக்கிழமை ஒரேயடியாகச் சமைத்துக் குளிரூட்டியில் வைக்கச் சொன்னோம். அதெல்லாம் அவளுக்கு ஏற்கெனவே தெரியும். சிரித்துவிட்டு, பிறகு இன்னொரு குரல் பதிவு போட்டாள். அவள் சின்னப் பிள்ளையாக இருந்த நேரம் அவர்கள் வீட்டிலும் ஒரு ராத்தா நின்றாவாம், இடுப்பில் வைத்துக்கொண்டு கடற்கரைக்குக் கூட்டிப்போவாவாம். பெயர் ஞாபகம் இல்லையாம். உம்மாவிடம் கேட்டாளாம், அவவுக்கும் ஞாபகம் இல்லையாம்.

எங்கள் வீட்டில் நின்ற பிள்ளையின் பெயர் எங்களுக்கு ஞாபகம் இருக்கிறது. அதை இங்கே எழுதவில்லை. 2000இல் தகப்பன் வந்து கூட்டிக்கொண்டு போனார். சில வருடம் கழித்து அவள் குவைத்துக்குப் போய்விட்டதாகக் கேள்விப்பட்டோம், வீட்டு வேலைக்கு. பிள்ளை பார்க்கும் வேலையாம். முன் அனுபவம் இருக்கிறதென்று ஏஜென்சிக்காரர் உடனே எடுத்தாராம்.

பசறைப் பக்கம் தோட்டப் பாடசாலைகளில் படிப்பிக்கும் நண்பர்கள் யாரும் இதை வாசித்தால் உள்பெட்டியில் ஒரு செய்தி போடுங்கள். தோட்டத்தின் பெயரையும் தகப்பனின் பெயரையும் தனியாகச் சொல்கிறோம்.