வெளிப்புறத்தில் கைப்பிடி இல்லாத கதவு

இங்கிலாந்தின் ஒக்ஸ்போர்ட்டில், கீபிள் கல்லூரித் தேவாலயத்தில் ஓர் ஓவியம் இருக்கிறது. வில்லியம் ஹொல்மன் ஹன்ற் 1851 இல் தொடங்கி 1853 இல் முடித்த 'உலகின் ஒளி'. இரவு நேரம். முள்முடியும் கையில் விளக்குமாக இயேசு ஒரு கதவைத் தட்டுகிறார். கதவின்மேல் கொடி படர்ந்திருக்கிறது, இரும்பு துருப்பிடித்திருக்கிறது. நெடுங்காலமாக யாரும் திறக்காத கதவு. அதன் வெளிப்புறத்தில் கைப்பிடி இல்லை. ஓவியர் அதை மறந்துவிடவில்லை. உள்ளே இருப்பவர் திறந்தால் மட்டுமே அது திறக்கும் என்பதுதான் படத்தின் பொருள்.

திருவெளிப்பாடு 3:20 வசனத்தை வைத்து வரையப்பட்ட படம் இது. 1854 இல் காட்சிக்கு வந்தபோது பலருக்குப் பிடிபடவில்லை. கலை விமர்சகர் ஜோன் ரஸ்கின் 'த ரைம்ஸ்' பத்திரிகைக்குக் கடிதம் எழுதி விளக்க வேண்டியிருந்தது. முதுமையில் பார்வை மங்கிய நிலையில், இன்னோர் ஓவியரின் உதவியோடு, ஹன்ற் இதை ஆளுயர அளவில் மீண்டும் வரைந்தார். அந்தப் பிரதி 1905 முதல் 1907 வரை கனடா, அவுஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாபிரிக்கா என்று ஊர் ஊராகக் கொண்டுசெல்லப்பட்டது. இப்போது லண்டன் புனித பவுல் பேராலயத்தில் இருக்கிறது. கதவு தட்டும் இயேசுவை நம் வீடுகளின் கலண்டர்களிலும் பார்த்திருப்பீர்கள். அவற்றில் பல, இதே கருவைப் பின்னர் வேறு ஓவியர்கள் வரைந்தவை.

ஊடகக் கற்கைகள் படித்தவள் என்பதால், ஒரு படத்தில் இல்லாமல் விடப்பட்டது எது என்று தேடுவது எனக்குப் பழக்கம். இங்கே இல்லாமல் விடப்பட்டது ஒரு கைப்பிடி. கிறிஸ்தவ இறையியலின் பெரும் சிக்கல் ஒன்று அந்த இடத்தில் நிற்கிறது. கடவுள் அன்பானவர் என்றால், வல்லவர் என்றால், கதவை உடைத்துக்கொண்டு ஏன் உள்ளே வருவதில்லை? வன்னியில் செய்திக்காகப் போன வீடுகளில் இதே கேள்வியை வேறு வடிவில் கேட்டிருக்கிறேன். செல் விழுந்தபோது அவர் ஏன் தடுக்கவில்லை? 'தலையெழுத்து' என்ற நமது சொல் அந்தப் பேச்சை முடித்துவிடும். கிறிஸ்தவக் கவிஞர்கள் அதை அப்படி முடிக்கவில்லை.

ஜோன் மில்ரன் நேரடியாகவே பதில் சொல்ல முயன்றார். இங்கிலாந்து உள்நாட்டுப் போரில் மன்னருக்கு எதிரான தரப்பில் நின்றவர். 1660 இல் முடியாட்சி திரும்பியதும் கைதானார், அவருடைய நூல்கள் எரிக்கப்பட்டன. ஏற்கெனவே கண்பார்வை போயிருந்தது. தோற்ற தரப்பின் அந்த மனிதர் பிறருக்குச் சொல்லிச் சொல்லி எழுதுவித்த காவியம்தான் 1667 இல் வெளிவந்த 'இழந்த சொர்க்கம்'. அதன் மூன்றாம் காண்டத்தில் கடவுள் வாதாடுகிறார்: விழாமல் நிற்கும் வலு மனிதனுக்கு இருந்தது, விழுந்தது அவனுடைய தெரிவு, கட்டாயத்தில் வரும் பணிவு அன்புக்குச் சாட்சி ஆகாது.

இந்த வாதம் எனக்குப் பாதிதான் போதுகிறது. செல் அடித்தவனின் சுதந்திரத்தை அது விளக்குகிறது. பங்கருக்குள் இருந்த பிள்ளை எதைத் தெரிவு செய்தது? மில்ரனின் கடவுள் சில இடங்களில் சட்டத்தரணி மாதிரிப் பேசுகிறார் என்று சொல்லும் வாசகர் பலர், நானும் அவர்களோடுதான். ஆனால் அதே காண்டத்தில், மனிதனுக்காகச் சாக யார் முன்வருவீர்கள் என்று கடவுள் கேட்க, வானுலகம் முழுவதும் வாய் திறக்காமல் நிற்கிறது. மகன் மட்டும் தானாக முன்வருகிறார். அங்கே சுதந்திரம் அன்பின் பக்கத்திலிருந்து காட்டப்படுகிறது. வாதத்தை விட அந்த மௌனம் என்னிடம் அதிகம் பேசியது.

ஜோர்ஜ் ஹேர்பேர்ட் வாதமே செய்வதில்லை. சிறு கிராமப் பங்கொன்றின் குருவாக இருந்து, 1633 இல், 39 வயதில் இறந்தவர். அவருடைய 'ஆலயம்' தொகுப்பு அதே ஆண்டு வெளிவந்தது. அதிலுள்ள 'அன்பு' என்ற 18 வரிக் கவிதையில் அன்பு ஒரு வீட்டுக்காரராக விருந்தாளியை அழைக்கிறது. விருந்தாளி கூச்சத்தோடு பின்வாங்குகிறார்: நான் அழுக்கானவன், தகுதியில்லாதவன். அன்பு கோபிக்கவில்லை, கையைப் பிடித்துக் கதைக்கிறது. கடைசியில் அவர் உட்கார்ந்து சாப்பிடுகிறார், அவ்வளவுதான். பிரெஞ்சுச் சிந்தனையாளர் சிமோன் வெய்ல் கடும் தலைவலி வரும்போதெல்லாம் இந்தக் கவிதையை மனப்பாடமாகச் சொல்லிக்கொள்வாராம். ஹன்ற் வரைந்த கதவுக்கு முந்நூறு ஆண்டு மூப்பில்லை இது, இருநூற்றுச் சொச்சம்தான்; ஆனால் இங்கே வாசலில் நிற்பது மனிதன், அழைப்பது அன்பு.

ரெம்பிரான்ட்டின் 'ஊதாரி மகனின் திரும்பி வருகை' ரஷ்யாவின் சென். பீற்றர்ஸ்பேர்க்கில் உள்ள ஹெர்மிற்றாஜ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1668ஐ ஒட்டி வரைந்தது. அந்த ஆண்டுதான் அவருடைய மகன் ரைரஸ் இறந்தான். மறு ஆண்டு ஓவியரும் போய்விட்டார். முழங்காலில் நிற்கும் மகனின் தேய்ந்த பாதம் நம்மை நோக்கியிருக்கிறது. தந்தையின் இரு கைகளும் அவன் முதுகில். ஒன்று அகன்ற கை, மற்றது மென்மையானது. தந்தை, தாய் இருவரின் கைகள் என்று பார்ப்போரும் உண்டு.

லூக்கா நற்செய்தியின் இந்த உவமையில் தந்தை மகனைத் தடுக்கவில்லை, கேட்ட பங்கைக் கொடுத்து அனுப்பினார். காணாமல் ஆக்கப்பட்டோரின் பெற்றோர் முன்னால் இந்தக் கதையைப் பிரசங்கிக்கும்போது ஒரு கவனம் வேண்டும் என்று நினைக்கிறேன். இது தானாகப் போன மகனின் கதை. கொண்டுபோகப்பட்டவர்களுக்குத் திரும்பிவரும் தெரிவே கிடைக்கவில்லை.

ஓவியத்தின் வலப்பக்கத்தில், சற்று விலகி, கோலூன்றி ஒருவர் நிற்கிறார். மூத்த மகன் என்றே பெரும்பாலும் அடையாளம் காண்கிறார்கள். தம்பிக்கு விருந்தா என்று கோபித்து, உள்ளே போக மறுத்தவர். தந்தை வெளியே வந்து அவரையும் கெஞ்சுகிறார். அவர் உள்ளே போனாரா என்று லூக்கா எழுதவில்லை. ரெம்பிரான்ட்டும் அவரை நின்ற இடத்திலேயே விட்டிருக்கிறார்.